விருந்தினரைச் சுட்ட தொகுப்பாளர்

1994 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை இரவு. பிபிசி 2 சேனலில் ஒரு பேட்டி நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கிறது. சோபாவில் உட்கார்ந்திருப்பவர் ஃபோர்ப்ஸ் மெக்காலிஸ்டர் என்ற உணவு விமர்சகர். வாய் கொஞ்சம் நீளம். கவிஞர் பைரன் வைத்திருந்ததாகச் சொல்லப்படும் ஒரு ஜோடிக் கைத்துப்பாக்கிகளை ஏலத்தில் எடுத்திருக்கிறார். நாலு பேருக்குக் காட்ட வேண்டாமா, ஸ்டுடியோவுக்கே கொண்டுவந்துவிட்டார். தொகுப்பாளர் ஒன்றைக் கையில் வாங்குகிறார். துப்பாக்கி வெடிக்கிறது. விமர்சகர் இருந்த இடத்திலேயே பிணம்.

யாரும் பதற வேண்டாம். ஃபோர்ப்ஸ் மெக்காலிஸ்டர் என்று ஒருவர் பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை. அந்த வேடத்தில் வந்தவர் பேட்ரிக் மார்பர். மூன்று ஆண்டுகள் கழித்து 'க்ளோசர்' நாடகத்தை எழுதிப் பெரும்பெயர் வாங்கியவர். சுட்ட தொகுப்பாளர் ஆலன் பார்ட்ரிஜும் கற்பனைதான். உள்ளே இருந்தவர் ஸ்டீவ் கூகன். சோபா நிஜம், கைதட்டிய பார்வையாளர்கள் நிஜம், ஒளிபரப்பிய சேனல் நிஜம். மற்றதெல்லாம் கட்டியது. ஆறு வாரம் ஓடிய அந்த நிகழ்ச்சியின் பெயர் 'நோயிங் மீ, நோயிங் யூ'. ஆபா இசைக்குழுவின் பாட்டுத் தலைப்பை அப்படியே தூக்கி வைத்தது. ஒவ்வொரு விருந்தினரையும் அந்தத் தலைப்பைச் சொல்லித்தான் ஆலன் வரவேற்பார். அவர்களும் பதிலுக்கு 'ஆஹா' போட வேண்டும். போடாதவரைப் போடும்வரை விடமாட்டார்.

பேட்டி நிகழ்ச்சியைக் கேலி செய்யும் பேட்டி நிகழ்ச்சிகள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒரு தனி வகையாகவே வளர்ந்திருக்கின்றன; பாகிஸ்தானிலும் அதற்கு ஒரு அருமையான உறவு உண்டு. இவற்றில் இரண்டு சாதி. விருந்தினரையும் இட்டுக்கட்டுவது ஒன்று. நிஜ நட்சத்திரத்தைக் கூட்டிவந்து போலித் தொகுப்பாளர் முன்னால் உட்கார வைப்பது இன்னொன்று. பின்னதுதான் அதிகப் பணமும் விருதும் புகழும் பார்த்தது. ஆனால் கடித்தது முன்னதுதான் என்பது என் கட்சி. காரணம் எளிது. இட்டுக்கட்டிய விருந்தினருக்கு அடுத்த வாரம் படம் ரிலீஸ் கிடையாது.

பேட்டிக்கு வரும் நிஜ நட்சத்திரம் எதற்கு வருகிறார்? நம் ஊர் தீபாவளி சிறப்பு நிகழ்ச்சிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படம் வருகிறது, அதனால் வருகிறார். எந்தக் கேள்வி கூடாது என்பது முன்பே பேசி முடிக்கப்பட்டிருக்கும். அமெரிக்க இரவு நிகழ்ச்சிகளில் இது இன்னும் ஒழுங்கான தொழில். ஒளிபரப்புக்கு முன்பே நிகழ்ச்சியின் ஆட்களில் ஒருவர் விருந்தினரோடு பேசி, எந்தக் கதைக்குச் சிரிப்பு வரும் என்று பொறுக்கி வைத்துவிடுவார். மேடையில் தொகுப்பாளர் 'ஏதோ படகில் போனீர்களாமே' என்று இயல்பாகக் கேட்பதுபோலக் கேட்பது அந்தக் கதைக்குப் போடும் பாதை. இரண்டு பேரும் நடிக்கிறார்கள். வேடம் கட்டாமல் நடிக்கிறார்கள், அவ்வளவுதான். அப்படியிருக்க, வேடம் கட்டிக்கொண்டு வந்தால் மட்டும் அது பொய்யாகிவிடுமா?

ஆலன் பார்ட்ரிஜ் முதலில் பேட்டியாளரே அல்ல. 1991-ல் பிபிசி ரேடியோ 4-ல் வந்த 'ஆன் த ஹவர்' என்ற செய்தி நையாண்டியில் விளையாட்டு நிருபர். அர்மாண்டோ இயானூச்சி தயாரிப்பு. விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாமலே மணிக்கணக்கில் பேசக்கூடிய ஒரு குரல் வேண்டும் என்றதும் கூகன் எடுத்துவிட்ட குரல் அது. அந்தக் குரலுக்கு ஊர் வந்தது: இங்கிலாந்தின் கிழக்கோரம், நார்விச். பிறகு மனைவி வந்தார், கார் மீது காதல் வந்தது, பிளேசர் வந்தது. 1992 டிசம்பரில் ரேடியோ 4-லேயே தனிப் பேட்டி நிகழ்ச்சி வந்தது.

அந்தக் காலக்கணக்கு கவனிக்கத்தக்கது. அதே 1992 ஜூலையில்தான் பிபிசியின் 'வோகன்' நிகழ்ச்சி முடிந்திருந்தது. டெர்ரி வோகன் 1985 முதல் வாரத்துக்கு மூன்று மாலை பிரிட்டனின் வரவேற்பறைகளில் உட்கார்ந்து பேசியவர். அதே சோபாவில்தான் 1990-ல் கால்பந்து மேதை ஜார்ஜ் பெஸ்ட் நேரலையில் நன்றாகக் குடித்துவிட்டு வந்து உளறினார். 1991-ல் முன்னாள் விளையாட்டுச் செய்தியாளர் டேவிட் ஐக் வந்து தன்னைக் கடவுளின் பிள்ளை என்ற பாணியில் பேச, அரங்கம் சிரித்தது. ஐக்கும் தொடங்கியது விளையாட்டுச் செய்தியில்தான் என்பதைச் சும்மா சொல்லிவைக்கிறேன். நிஜ நிகழ்ச்சியே இந்த லட்சணத்தில் இருந்தபோது, நையாண்டிக்காரர்கள் மிகைப்படுத்த வேண்டிய தேவை அதிகம் இருக்கவில்லை.

வானொலித் தொடரில் ஆலன் செய்த காரியங்கள் இவை. குழந்தை மேதை ஒருவனைக் கூப்பிட்டு, அவன் தன்னைவிடப் புத்திசாலி என்று தெரிந்ததும் அறைந்தார். கடைசி வாரம் ஒரு பிரபுவைக் கூப்பிட்டார்; அவர் பேட்டியின் நடுவிலேயே இறந்துபோனார். ஆக, துப்பாக்கிக்கு முன்பே ஆலன் கணக்கில் ஒரு சாவு உண்டு.

இந்த விருந்தினர்களையெல்லாம் நடித்தவர்கள் மிகச் சிலர். மார்பர், ரெபெக்கா ஃப்ரன்ட், டூன் மெக்கிகன், டேவிட் ஷ்னைடர் நால்வரே பெரும்பாலும் மாறி மாறி வருவார்கள். இன்று குதிரையேற்ற வீராங்கனையாக வந்தவர் அடுத்த வாரம் வேறு தலைமுடியில் வேறு ஆளாக வருவார். பார்ப்பவருக்கு இது தெரியும். தெரிந்தும் நம்புவார். காரணம், அவர்கள் யாரும் ஜோக் அடிப்பதே இல்லை. எழுத்தில் இருந்த சூட்சுமம் இதுதான்: விருந்தினரில் பெரும்பாலோர் ஓரளவு நியாயமான மனிதர்கள். தங்கள் புத்தகத்தைப் பற்றியோ விளையாட்டைப் பற்றியோ அமைதியாகப் பேச வந்தவர்கள். கோமாளி நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு மட்டும் அது தெரியாது.

இந்த வரிசை மாறினால் நையாண்டியின் குறியே மாறிவிடும். விருந்தினர் கோமாளியாகவும் தொகுப்பாளர் தெளிவானவராகவும் இருந்தால், நாம் விருந்தினரைப் பார்த்துச் சிரிப்போம்; நிகழ்ச்சி தப்பித்துவிடும். பார்ட்ரிஜில் நிகழ்ச்சி தப்பிக்கவில்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்காமல் அடுத்த அட்டையைப் பார்ப்பது, விருந்தினர் அழுதால் 'இது நல்ல தொலைக்காட்சி' என்ற பளபளப்பு கண்ணில் வருவது, இசைக்குழுத் தலைவரிடம் போலிச் சிநேகம் காட்டுவது: எல்லாம் நாம் நல்ல தொகுப்பாளர்கள் என்று மதித்தவர்கள் செய்தவைதான். ஆலன் அதைச் சற்றே திறமையில்லாமல் செய்தார். அதனால் கண்ணில் பட்டது.

முதல் தொலைக்காட்சி அத்தியாயத்தில் பெரிய விருந்தினர் என்று திரும்பத் திரும்ப அறிவிக்கப்பட்டவர் ரோஜர் மூர். நிஜ ஜேம்ஸ் பாண்ட். அவர் வரவே இல்லை. விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டாராம். நிஜ நட்சத்திரம் ஒருவரை இந்த நிகழ்ச்சி எப்படிப் பயன்படுத்தியது பாருங்கள்: காலி இடமாக. அவர் வந்து உட்கார்ந்து தன்னைத்தானே கேலி செய்திருந்தால் மறுநாள் பத்திரிகைகள் 'மூர் எவ்வளவு நல்ல மனிதர்' என்று எழுதியிருக்கும். வராததால், கெஞ்சும் ஆலனை மட்டுமே பார்க்க முடிந்தது.

சரி, விருந்தினரும் பொய், தொகுப்பாளரும் பொய் என்ற இந்தச் சூத்திரத்தைக் கூகன் குழுவா கண்டுபிடித்தது? இல்லை. அதற்கு 17 ஆண்டுகள் முன்பு அமெரிக்காவில் ஒரு கோடைக்காலம் முழுக்க இது நடந்திருக்கிறது. அங்கேதான் என் கட்சிக்குச் சாட்சியும் கிடைக்கிறது.

1977. தயாரிப்பாளர் நார்மன் லியர். 'மேரி ஹார்ட்மேன், மேரி ஹார்ட்மேன்' என்ற அவருடைய நையாண்டித் தொடர் அந்தக் கோடையில் நின்றிருந்தது. அந்த இடத்தை நிரப்ப வந்தது 'ஃபெர்ன்வுட் 2 நைட்'. ஒஹாயோ மாநிலத்தில் ஃபெர்ன்வுட் என்ற கற்பனைச் சிற்றூர். அந்த ஊரின் உள்ளூர்ச் சேனல் நடத்தும் இரவுப் பேட்டி நிகழ்ச்சி. தொகுப்பாளர் பார்த் கிம்பிள், அதாவது மார்ட்டின் மல். பக்கத்தில் ஜெர்ரி ஹப்பர்ட், அதாவது ஃப்ரெட் வில்லர்ட். எதையும் தாமதமாகவும் தப்பாகவும் புரிந்துகொள்ளும் ஆனந்தமான மூடன். இசைக்குழுத் தலைவர் ஹாப்பி கைன். பெயர்தான் ஹாப்பி, முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. அதில் நடித்த ஃப்ராங்க் டி வால் நிஜத்திலேயே ஆஸ்கருக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்ட இசையமைப்பாளர்.

சின்ன ஊர், சின்னச் சேனல். ஹாலிவுட் நட்சத்திரம் அங்கே எதற்கு வரப்போகிறார்? ஆக, விருந்தினர் எல்லாம் உள்ளூர்ப் 'பிரபலங்கள்'. ஒரு விஞ்ஞானி வந்து, அப்போது நாடெங்கும் ஆண்கள் அணிந்து திரிந்த பாலியஸ்டர் 'லெஷர் சூட்' புற்றுநோய் தரும் என்று நிரூபிக்கப் பார்த்தார். ஆதாரம், அதே துணியில் சூட் தைத்து மாட்டிய எலிகள். இன்னொரு நாள், அந்த ஊர் வழியாகக் காரில் போய்க்கொண்டிருந்த ஒரு யூதரை வேகமாக ஓட்டியதற்காகப் பிடித்திருந்தார்கள். ஃபெர்ன்வுட்காரர்கள் யாரும் யூதரை நேரில் பார்த்ததில்லை. அவரை அப்படியே ஸ்டுடியோவில் உட்கார வைத்து, 'ஒரு யூதரோடு பேசுங்கள்' என்று தொலைபேசி எண் கொடுத்துவிட்டார் பார்த். நேயர்கள் கூப்பிட்டுக் கேட்ட கேள்விகளில் வன்மம் இல்லை. அறியாமை மட்டும் கொட்டிக்கிடந்தது. அதுதான் அந்தக் காட்சியைச் சிரிக்கவும் நெளியவும் வைத்தது. அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. இன்றைக்கும் ஒரு சேனல் இதைத் துணிந்து எடுக்குமா என்பது சந்தேகம்தான்.

இந்தக் காட்சியில் ஒரு நிஜ யூத நட்சத்திரத்தை உட்கார வைத்துப் பாருங்கள். அத்தனையும் போய்விடும். 'பாவம், எவ்வளவு பெருந்தன்மையாகக் கேலிக்கு இடம்கொடுக்கிறார்' என்ற எண்ணம்தான் மிஞ்சும். பெயர் தெரியாத ஒரு பயணி என்பதால்தான் அவரைச் சுற்றியிருக்கும் ஊர் தெரிகிறது.

அடுத்த வருடமே அவர்கள் அதைத்தான் செய்தார்கள். நிகழ்ச்சி பிடித்துப்போனதால் 1978-ல் அதைக் கலிஃபோர்னியாவில் ஒரு கற்பனை ஊருக்கு மாற்றி, 'அமெரிக்கா 2-நைட்' என்று பெயர் வைத்தார்கள். ஊரை மாற்றியதற்குக் காரணமே நிஜ நட்சத்திரங்கள் வந்துபோக வசதி என்பதுதான். வந்தார்கள். சார்ல்டன் ஹெஸ்டன் வந்தார், கேரல் பர்னெட் வந்தார். அதே தொகுப்பாளர், அதே மூடன், அதே சிரிக்காத இசைக்குழுத் தலைவர். சிரிப்பு மட்டும் இடம் மாறியது. ஃபெர்ன்வுட்டில் நாம் தொலைக்காட்சியைப் பார்த்துச் சிரித்தோம். இங்கே தொலைக்காட்சியோடு சேர்ந்து சிரிக்க வேண்டியிருந்தது. அதுவும் அந்த ஆண்டே நின்றுவிட்டது.

ஃபெர்ன்வுட்டை எழுதித் தயாரித்தவர்களில் ஆலன் திக் என்ற கனடாக்காரர் ஒருவர். பேட்டி நிகழ்ச்சியின் அத்தனை அபத்தத்தையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டியவர். 1983-ல் அவரே 'திக் ஆஃப் த நைட்' என்ற நிஜ இரவுப் பேட்டி நிகழ்ச்சியின் தொகுப்பாளராக, அன்றைய இரவுப் பேட்டி ராஜா ஜானி கார்சனை வெல்லப்போகிறார் என்ற முழக்கத்தோடு வந்து உட்கார்ந்தார். ஒரு பருவத்தில் கடை மூடப்பட்டது. நோயைத் தெரிந்து வைத்திருப்பது தடுப்பூசி ஆகாது போலிருக்கிறது.

விருந்தினர் நிஜமாக இருந்தே தீர வேண்டும் என்று வந்தவர்களில் ஆகப் பெரியவர் 'டேம் எட்னா'. ஆஸ்திரேலியரான பேரி ஹம்ஃப்ரீஸ் 1955-ல் மெல்போர்னில் தொடங்கிய வேடம் அது. 2023-ல் அவர் மறையும்வரை கூடவே வந்தது. 1987-ல் பிரிட்டனின் ஐடிவியில் 'த டேம் எட்னா எக்ஸ்பீரியன்ஸ்' என்று பேட்டி நிகழ்ச்சி நடத்தினார். வரும் உலகப் பிரபலங்களின் நெஞ்சில் பெயர்ச்சீட்டு குத்தி விடுவார். யார் என்று எட்னாவுக்கு மறந்துவிடும் அல்லவா. பிடிக்காதவரை மேடையிலிருந்தே அப்புறப்படுத்தவும் ஏற்பாடு இருந்தது. என் கட்சிக்கு எதிர்சாட்சி இவர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கவனியுங்கள்: எட்னா விருந்தினரை ஏறக்குறையப் பேசவே விடமாட்டார். அங்கே நட்சத்திரம் ஒரு மரச்சாமான். அதனால்தான் அது ஜெயித்தது.

2001-ல் பிபிசி 2-ல் வந்த 'த குமார்ஸ் அட் நம்பர் 42' இதற்கு நேர்மாறான இளகிய மனசு. லண்டன் வெம்பிளியில் ஒரு இந்தியக் குடும்பம். பையன் டிவி நட்சத்திரம் ஆக வேண்டும் என்று ஆசைப்பட, வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தை இடித்து ஸ்டுடியோ கட்டித் தருகிறார்கள் பெற்றோர். வரும் விருந்தினர் முதலில் ஹாலில் அப்பா, அம்மா, பாட்டியைத் தாண்டித்தான் ஸ்டுடியோவுக்குள் போக முடியும். பையனாக சஞ்சீவ் பாஸ்கர், பாட்டியாக மீரா சியால். பின்னாளில் இருவரும் நிஜ வாழ்க்கையில் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பது உபகதை. சர்வதேச எம்மி விருதெல்லாம் வாங்கியது. எனக்கும் பிடிக்கும். ஆனால் அது நையாண்டி என்பதைவிட விருந்தோம்பல். வந்தவர் எல்லாரும் சாப்பிட்டு, சிரித்து, நல்ல பெயரோடு வெளியே போனார்கள்.

அமெரிக்காவில் எச்பிஓ 1992 முதல் 1998 வரை ஒளிபரப்பிய 'த லேரி சாண்டர்ஸ் ஷோ'வைப் பலர் இந்த வகையின் சிகரம் என்பார்கள். கேரி ஷாண்ட்லிங் கற்பனைத் தொகுப்பாளர். விருந்தினர்கள் நிஜப் பெயரிலேயே தங்களை மோசமாகக் காட்டிக்கொண்டார்கள். மேடையில் நடப்பது வீடியோவில், திரைக்குப் பின்னால் நடப்பது பிலிமில் என்று பிரித்துப் படம்பிடித்தார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அதன் உயிர், சோபாவில் இல்லை. அலுவலக வராந்தாவில் இருந்தது. விருந்தினர் வருவதற்கு முன்பும் போன பிறகும்தான் அங்கே கதை.

லேரி சாண்டர்ஸ் திறந்த வாசல் வழியாகத்தான் நட்சத்திரங்கள் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். தன்னைத்தானே கிண்டல் செய்ய இடம் கொடுப்பதைவிடச் சிறந்த விளம்பரம் இல்லை. அந்தப் பாடம் எங்கே போய் முடிந்தது தெரியுமா? 2014 மார்ச்சில், 'பிட்வீன் டூ ஃபெர்ன்ஸ்' என்ற இணைய நையாண்டிப் பேட்டியில். இரண்டு தொட்டிச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து வேண்டுமென்றே அவமரியாதையாகக் கேள்வி கேட்கும் ஸாக் கலிஃபனாகிஸ் எதிரே, அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா. எதற்கு வந்தார்? அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இளைஞர்களைச் சேர்க்க. கிண்டலை வாங்கிக்கொண்டார், கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார், இணைய முகவரியைச் சொன்னார், போனார். நல்ல திட்டமாகவே இருக்கட்டும். ஆனால் பேட்டி நிகழ்ச்சி என்றால் சரக்கு விற்கும் இடம் என்று கேலி செய்யப் பிறந்த ஒரு வடிவத்தில், கடைசியில் நாட்டின் அதிபரே வந்து சரக்கு விற்றார். கலிஃபனாகிஸால் வேறென்ன செய்திருக்க முடியும்?

இதற்கு நடுவே நம் அண்டை நாட்டில் ஒரு நிகழ்ச்சி சத்தமில்லாமல் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. 2005-ல் ஏஆர்ஒய் டிஜிட்டலில் தொடங்கிய 'லூஸ் டாக்'. ஒரு மேசை, இரண்டு நாற்காலி. கேள்வி கேட்பவர் அன்வர் மக்சூத்; நிகழ்ச்சியை எழுதியவரும் அவரே. வேடமில்லை, சொந்த முகம். எதிரே ஒவ்வொரு வாரமும் வேறொரு மனிதர்: தோற்றுவிட்டுச் சாக்கு சொல்லும் கிரிக்கெட்காரர், அரசியல்வாதி, அதிகாரி. அத்தனை பேரும் மொயின் அக்தர் ஒருவரே. பார்ட்ரிஜின் வரிசையைத் தலைகீழாக்கிப் பாருங்கள். இங்கே கேட்பவர் தெளிவானவர். பதில் சொல்பவர் புளுகர். அப்படியானால் நிகழ்ச்சி தப்பித்துவிடும் என்று மேலே சொன்னேனே, இங்கே இலக்கு தொலைக்காட்சியே அல்ல. ராணுவத் தளபதி அதிபராக உட்கார்ந்திருந்த நாட்டில், நிஜ அதிகாரியைக் கூப்பிட்டு இந்தக் கேள்விகளைக் கேட்க எந்த நிருபருக்கும் எளிதாக இருந்திருக்காது. இல்லாத அதிகாரியைக் கேட்கலாம். அவரும் நிஜ அதிகாரி சொல்லத் துணியாத பதிலை வெள்ளந்தியாகச் சொல்லிவிடுவார். கராச்சிக்காரரான மொயின் அக்தர் 2011 ஏப்ரலில் காலமானார். அந்தத் துண்டுக் காட்சிகள் எல்லையின் இந்தப் பக்கமும் இன்னமும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

ஆலன் பார்ட்ரிஜுக்கு என்ன ஆனது? சுட்டதற்குச் சிறை இல்லை. 1995 டிசம்பர் 29 அன்று பிபிசி அவருக்குக் கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியே கொடுத்தது. அதில் வான்கோழிக்குள் கையை விட்டு, அந்த வான்கோழியோடு சேர்த்தே பிபிசி அதிகாரியின் முகத்தில் குத்தியதில்தான் வாய்ப்பு போனது. கொலைக்குப் போகாத வேலை மேலதிகாரியை அடித்ததற்குப் போயிற்று என்று எழுதியவர்களின் குறும்பை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. 1997-ன் 'ஐ'ம் ஆலன் பார்ட்ரிஜ்' தொடரில் அவர் விவாகரத்தாகி, நெடுஞ்சாலை ஓரத்து மலிவு விடுதியில் தங்கி, நார்விச் வானொலியில் விடியற்காலை யாரும் கேட்காத நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார். பிபிசி அதிகாரியை மதிய உணவில் மடக்கி, குரங்குகள் டென்னிஸ் ஆடும் நிகழ்ச்சி வரை யோசனைகளை அள்ளிவிட்டார். பிரிட்டிஷ் தொலைக்காட்சி உலகில் மட்டமான நிகழ்ச்சிக்கு இன்றும் 'குரங்கு டென்னிஸ்' என்பது பட்டப்பெயர். 2013-ல் சினிமா, 2019-ல் பிபிசி 1-லேயே மாலை நிகழ்ச்சித் தொகுப்பாளராக மறுவாழ்வு. முப்பது ஆண்டுகளில் ஆலனுக்கு நிஜமாகவே வயதாகியிருக்கிறது. விருந்தினர்கள் பெரும்பாலும் இன்னமும் இட்டுக்கட்டியவர்கள்தான்.

என் கட்சிக்கு ஒரே ஒரு அழகான விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 1977-ல் நட்சத்திரங்களே எட்டிப் பார்க்காத ஃபெர்ன்வுட்டுக்கு ஒரு நிஜப் பாடகர் வந்தார்: டாம் வெய்ட்ஸ். அவர் வந்த பேருந்து வழியில் பழுதாகிவிட்டதாம், வேறு வழியில்லாமல் இந்த ஊரில் மாட்டிக்கொண்டாராம். கதை அப்படிக் கட்டப்பட்டிருந்தது. கரகரத்த குரலில் பியானோவில் ஒரு பாட்டுப் பாடினார், சோபாவில் சாய்ந்தார், ஜெர்ரி ஹப்பர்டின் அசட்டுக் கேள்விகளுக்கு அதே தாமதத்தில் பதில் சொன்னார். இசைத்தட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. கிளம்பும் முன் தொகுப்பாளரிடம் கொஞ்சம் பணம் கடன் கேட்டார்.